பேனா படக்கூடாத தாள்

ஒரு பெண்ணின் வேலை போவதற்குக் காரணமான வரியை எழுதியவன் நான். "விண்ணப்பம் முழுமையான வடிவில் கிடைக்கவில்லை" என்பதுதான் அந்த வரி. அது பொய். விண்ணப்பம் முழுமையாக இருந்தது. வெள்ளிக்கிழமை முற்பகலில் என் மேசைக்கு வந்தது. திங்கட்கிழமை வரை அங்கேயே கிடந்தது. அதற்குள் டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வேறொரு பெண்ணின் கால் மண்ணுக்குள் அகப்பட்டு நசுங்கிவிட்டது.

மென்பொருள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் போன மாதம் வகுப்பு முடிந்த பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். வேகமாக மாறிக்கொண்டு வேலை செய்யும் சிறு குழுக்களை அவற்றின் போக்கில் விடுவதா, தலைமை அலுவலகம் கையில் வைத்துக்கொள்வதா என்பது கேள்வி. நான் சிரித்துக்கொண்டு "இரண்டும் வேண்டும்" என்றேன். நீங்களும் அதைக் குறித்துக்கொண்டீர்கள். அந்தப் பதிலைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதை வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன். கொழும்பில் படித்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மலைநாட்டில் ஒன்பது தோட்டங்களை நடத்திய நிறுவனம் ஒன்றின் கணினிப் பிரிவுக்கு வந்தேன். குடும்பம் நுவரெலியாவில் இருந்தது. வாரநாட்களில் ஹட்டனில் தங்கி வேலை பார்த்தேன்.

தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் விடிந்ததும் பெரட்டு நடக்கும். ஆட்கள் களத்தில் கூடுவார்கள். தோட்ட வேலைக்குப் பொறுப்பான அதிகாரி, அங்கே அவரைக் கண்டாக்கு என்பார்கள், இன்னார் இந்த மலைக்கு என்று பெயர் கூப்பிட்டு அனுப்புவார். அங்கே மலை என்றால் நம்பர் போட்ட ஒரு துண்டுத் தேயிலை நிலம். அந்தப் பெயர்ப்பட்டியலைக் கணினியில் தயாரிப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை. மூன்று மாதம் மேசையிலிருந்தே எழுதி முடித்தேன். முதல் தாளை நானே பெருமையோடு டயகமப் பக்கத் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். கண்டாக்கு தங்கராஜ் அதை வாங்கி நாலு பெயர் வாசித்தார். பிறகு தாளைத் தாழ்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஐயா, ஒங்க கம்பியூட்டருக்குப் புள்ள குட்டி இல்லீங்களா?"

களம் முழுக்கச் சிரித்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பதிவேட்டு நம்பர் வரிசைப்படி என் நிரல் ஆட்களைப் பிரித்திருந்தது. பால்குடிப் பிள்ளை உள்ள மூன்று தாய்மாரைப் பிள்ளைக் காப்பகத்திலிருந்து ஆகத் தூரத்து மலைக்குப் போட்டிருந்தது. தங்கராஜ் பேனாவை எடுத்து மூன்று பெயரையும் வெட்டி, பக்கத்து மலையில் எழுதினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கம் ஏற்படுத்தினேன். என் பிரிவில் நிரல் எழுதும் ஒவ்வொருவரும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு தோட்டத்தின் பெரட்டில் போய் நிற்க வேண்டும். தாளில் எங்கே பேனா படுகிறது என்று பார்க்க வேண்டும். பேனா பட்ட இடம்தான் எங்கள் அடுத்த இரண்டு வாரத்து வேலை. நீங்கள் இன்று அஜைல் என்று புத்தகத்தில் படிக்கும் முறை இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் காதுக்கு எட்டியபோது, "நம்ம செய்யுறதுதானே சார் இது" என்று குழுவில் ஒருவர் சொன்னார். அப்படிச் சொன்னவர் ரெஜினா.

ரெஜினா தங்கராஜின் தோட்டத்திலேயே, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். தாய் அப்போதும் அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கத்தோலிக்கக் குடும்பம். ஹட்டனில் படித்து, கண்டியில் கணினி டிப்ளோமா முடித்து எங்களிடம் வந்தவர். நாங்கள் ஐந்து பேர், ஹட்டன் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேல் இருந்த ஒற்றை அறையில் வேலை பார்த்தோம். காலையில் எல்லோரும் பலகையைச் சுற்றி நின்று பேசுவோம். அதற்கும் பெரட்டு என்றே பெயர் வைத்திருந்தோம். ஆனால் எங்கள் பெரட்டில் யாரும் யாரையும் எங்கும் அனுப்புவதில்லை. இன்றைக்கு நான் இந்த மலைக்குப் போகிறேன் என்று ஒவ்வொருவரும் தாமே சொல்ல வேண்டும். யாரும் எடுக்காத வேலை பலகையில் தொங்கினால், பாலா என்ற இளைஞர், "இந்த மலைக்கு அட்டை கடிக்குமோ? ஒருத்தரும் போறீங்க இல்ல" என்று கேலி செய்துவிட்டுத் தானே எடுத்துக்கொள்வார்.

ஒரு மழைக்காலத்தில் தங்கராஜ் ரெஜினாவிடம் ஒரு குறை சொன்னார். மண் இளகிய மலைக்கு ஆள் அனுப்பக்கூடாது என்று அவர் முடிவெடுத்தாலும், தாளில் அந்த மலை வந்துகொண்டே இருந்தது. ரெஜினா அன்று பிற்பகலே உட்கார்ந்து, மலையை மூடும் வசதி ஒன்றைச் செய்தார். கண்டாக்கு தோட்ட அலுவலகக் கணினியில் அந்த நம்பருக்கு எதிரே ஒரு குறி போட்டால், அவரே எடுக்கும் வரை அந்த மலை தாளில் வராது. அதற்கு யாரும் அனுமதி கேட்கவில்லை. நான் மறுநாள்தான் அறிந்தேன், பாராட்டினேன்.

இனி மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் முறையில் குழப்பமும் இருந்தது. ஒன்பது தோட்டத்தில் ஒன்பது விதமான நிரல் ஓடியது. ஒரு கண்டாக்குக்காகச் செய்த திருத்தம் இன்னொரு தோட்டத்தில் பட்டியலைக் கெடுத்தது. ஒரு தடவை ஓய்வுபெற்றுப்போன முப்பது பேரைத் தாள் வேலைக்குக் கூப்பிட்டது. கொழும்புக்குப் புதிதாக வந்த மேலதிகாரி என்னை அழைத்து, "உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்காவது தெரியுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு முழுதாகத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. கொழும்பில் முழுப் பிரிவுக்கும் தலைவர் பதவி ஒன்று வரப்போகிறது என்றும் அவர் அதே பேச்சில் சொன்னார்.

நான் திட்டம் எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எல்லாப் பட்டியலும் கொழும்பில் இருக்கும். ஒவ்வொரு மாலையும் தொலைபேசிக் கம்பி வழியே தோட்டத்துக்கு வரும். எந்த மலை திறந்தது, எது மூடியது என்பதும் கொழும்புப் பட்டியலில் உள்ளபடிதான். நிரலில் ஒரு வரி மாற்றுவதென்றாலும் விண்ணப்பம் போட வேண்டும். புதன்கிழமைகளில் கூடும் குழு அதை அனுமதிக்கும். தோட்டங்கள் எங்களை நேரே அழைக்கக்கூடாது, கொழும்பு நம்பரைத்தான் அழைக்க வேண்டும். பெரட்டுக்குப் போய் நிற்கும் வழக்கம் நேர விரயம் என்று நிறுத்தினேன். கடைசியாக ஒரு விதி சேர்த்தேன். அது முழுக்க என் யோசனை. அச்சிட்ட பெரட்டுத் தாளில் பேனா படக்கூடாது. திருத்திய தாளைத் தலைமை அலுவலகம் ஏற்காது. தாளை மீறி ஆள் அனுப்பினால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

மேலதிகாரிக்கு அந்தக் கடைசி விதி மிகவும் பிடித்திருந்தது.

குழுவில் யாரும் எதிர்க்கவில்லை. அதை நான் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். ரெஜினா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அவசரம்னா என்ன சார் செய்யுறது?"

"அவசரம் எண்டு படிவத்தில ஒரு கட்டம் இருக்குதானே. அதில குறி போட்டால் அண்டைக்கே அனுமதி வரும்."

ஆனால் அந்தக் கட்டத்துக்கும் ஒரு விலை இருந்தது. அவசரம் என்று குறித்த விண்ணப்பங்களை மாதக் கடைசியில் கொழும்பில் எண்ணுவார்கள். கூடுதலாக இருந்தால் அந்தப் பிரிவுக்குத் திட்டமிடத் தெரியவில்லை என்று பொருள். அதையும் நான் ஏற்றுக்கொண்டுதான் கையெழுத்திட்டிருந்தேன்.

ஆறு மாதத்தில் அறை மாறிவிட்டது. பலகையைக் கழற்றிச் சுவரோடு சாத்தினோம். காலையில் கொழும்பிலிருந்து வரும் பட்டியலை நான் வாசிப்பேன். இன்னாருக்கு இன்ன வேலை. ஒரு நாள் நான் வாசிக்கத் தொடங்குமுன் பாலா கைகட்டி நின்றுகொண்டு, "நமக்கு இன்னைக்கு எந்த மலைங்க, கண்டாக்கையா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் அந்த அறையில் கேலி எதுவும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

நேரத்துக்கு வந்தார்கள், நேரத்துக்குப் போனார்கள். பிழையைக் கண்டால் முன்பு எழுந்து கத்துவார்கள். இப்போது "ஃபோர்ம் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். ஒரு குழுவின் கையிலிருந்து முடிவெடுப்பதைப் பிடுங்கினால் முதலில் சண்டை வரும் என்று நீங்கள் நினைக்கலாம். வராது. அமைதிதான் வரும். அந்த அமைதியை நான் ஒழுங்கு என்று கொழும்புக்கு எழுதினேன்.

தென்மேல் பருவமழை தொடங்கி இரண்டாம் வாரம். ஒரு வெள்ளிக்கிழமை காலை தங்கராஜ் கொழும்பு நம்பரை விட்டு, பழைய பழக்கத்தில் எங்கள் அறைக்கே அழைத்தார். ரெஜினா எடுத்தார். அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"சொல்லுங்க ஐயா... எத்தனாம் நம்பர்?... மேலயா?... எவ்வளவு நீளத்துக்கு?"

ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், பதினோராம் மலையில மேல்பக்கம் மண்ணு வெடிச்சிருக்காம். கை உள்ள போற அளவுக்கு. நேத்து மூடிட்டாங்க. ஆனா காலையில மூடினா சாயந்திரம் தானா திறந்துக்குதாம். கொழும்புப் பட்டியல் வந்து அழிச்சிருது. இன்னைக்குத் தாள்லயும் இருபத்தஞ்சு பேரை அங்க போட்டிருக்கு."

"இண்டைக்கு ஆக்களை அனுப்பினவரோ?"

"இல்ல சார், வாயால சொல்லி வேற மலைக்குத் திருப்பியிருக்காங்க. அதுக்குக் காரணம் எழுதிக் கேட்டு கொழும்புல இருந்து போன் வந்திருச்சாம்."

நான் தொலைபேசியை வாங்கினேன். தங்கராஜின் குரல் பின்னால் விழுந்த மழைச் சத்தத்தில் நனைந்திருந்தது.

"ஐயா, நா எத்தன நாளைக்கு இப்பிடி வாயால சொல்லிக்கிட்டு இருக்குறது? ஞாயித்துக்கெழம கினிகத்தேனைக்குப் போகணும். அக்கா புருஷன் தவறிட்டாரு. திங்கக்கெழம பெரட்டுக்குப் புதுக் கணக்கப்பிள்ளதான் நிப்பான். சின்னப் பயல். தாள்ல இருக்குறத வாசிப்பான், அம்புட்டுத்தான்."

"நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. திங்கட்கிழமைக்கு முதல் சரியாக்கிப்போடுவம்."

"நிச்சயமாங்க?"

"நிச்சயம்."

அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் துக்க வீட்டுக்குப் போனார்.

ரெஜினா ஒரு மணி நேரத்தில் திருத்தத்தை எழுதிவிட்டார். தோட்டத்தில் போட்ட மூடல் குறியைக் கொழும்புப் பட்டியல் அழிக்காமல் விட்டுச்செல்லும் நாலு வரி. பரீட்சித்தும் பார்த்துவிட்டார். விண்ணப்பப் படிவத்தை நிரப்பி என் மேசையில் வைத்தார். அவசரம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தார். அதில் குறி போடும் அதிகாரம் எனக்குத்தான் இருந்தது.

"சார், இப்பவே லைன்ல அனுப்பிரட்டா? புதன்கிழமை கமிட்டிக்கு ஃபோர்ம் போகட்டும்."

"அனுமதி இல்லாமல் அனுப்பேலாது, ரெஜினா. நீரும் நானும் சேர்ந்து எழுதின விதிதானே."

"நீங்க எழுதினது சார்."

இதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பெயரைத் திருத்துவது போலச் சொன்னார். சிறிது நேரம் என் மேசை அருகிலேயே நின்றார். ஓராண்டுக்கு முன்பு என்றால் அவர் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டார். நான் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன் என்று இன்று தோன்றுகிறது. கேளாமல் அனுப்பிவிட்டார் என்றால் எனக்கும் நிம்மதி, பழியும் என் மேல் இல்லை. ஆனால் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று நான் பழக்கியிருந்தேன். அவர் நன்றாகப் பழகியிருந்தார். தன் இருக்கைக்குப் போய் உட்கார்ந்தார்.

அவசரக் கட்டத்தில் நான் குறி போடவில்லை. அந்த மாதம் எங்கள் பிரிவு ஏற்கெனவே நாலு அவசர விண்ணப்பங்களை அனுப்பியிருந்தது. திங்கட்கிழமை கொழும்பில் தலைவர் பதவிக்கான நேர்முகம் எனக்கு. ஐந்தாவதை அதற்குப் பிறகு அனுப்பலாம் என்று நினைத்தேன். படிவத்தை ஒரு கோப்புக்கு அடியில் வைத்தேன். கவனக்குறைவாக வைக்கவில்லை. ஓரங்களைச் சரிபார்த்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல் நானுஓயா நிலையத்தில் கொழும்பு ரயிலுக்காக நின்றேன். மழை விடவில்லை. தண்டவாளத்தில் மண் விழுந்திருக்கிறது, அகற்றிக்கொண்டிருக்கிறார்கள், ரயில் தாமதம் என்று நிலைய அதிபர் சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போனார். நான் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் பொதுத் தொலைபேசி இருந்தது. என் பணப்பையில் தொலைபேசி அட்டையும் இருந்தது. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா நம்பர் எனக்கு மனப்பாடம். மண் விழுந்தது என்று காதால் கேட்ட உடனே பதினோராம் மலை நினைவுக்கு வந்தது. அழைத்தால் என்ன சொல்வது? வெள்ளிக்கிழமையே வந்த தகவலை ஏன் ஞாயிற்றுக்கிழமை சொல்கிறாய் என்று கேட்டால்? கொழும்பு நம்பரைத் தவிர்த்துத் தோட்டத்தோடு நேரே பேசக்கூடாது என்ற விதியை எழுதியவனே மீறினால்? நாற்பது நிமிடம் அங்கே நின்றேன். ரயில் வந்தது. ஏறினேன்.

திங்கட்கிழமை பெரட்டில் நடந்ததைப் பிறகு தங்கராஜ் சொல்லித் தெரிந்துகொண்டேன். கண்டாக்குக்குக் கீழே ஆட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை தாளை வாசித்தான். பதினோராம் மலை என்றதும் ராசாத்தி என்ற பெண் முன்னால் வந்திருக்கிறார். ரெஜினாவின் தாய் குடியிருந்த லயத்துக்கு அடுத்த லயம். ரெஜினா அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்.

"அங்க மேல வெடிச்சிருக்குங்களே தம்பி. கண்டாக்கையா மூடுனாரே."

"தாள்ல தெறந்துதான் இருக்கு. கொழும்புல இருந்து வந்த தாள். நா பேனாவே வைக்க முடியாது, தெரியுமில்ல?"

"தாளா வந்து கொழுந்து எடுக்கப்போகுது?"

"அக்கா, என் வேலைக்கு ஒல வைக்காதீங்க. போங்க."

போனார்கள். ஒன்பது மணி இருக்கும். மேல்பக்கம் இறங்கியது. பெரிய சரிவு என்று சொல்ல முடியாது. சத்தம் கேட்டு மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். ராசாத்தி கூடையின் கயிறு ஒரு செடியில் மாட்ட, விழுந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் அகப்பட்டது. காலை எடுக்க வேண்டியதாயிற்று.

நேர்முகம் முடிந்து வெளியே வந்தபோது பாலா தொலைபேசியில் சொன்னார். நான் முதலில் கேட்ட கேள்வி "பெரட்டுத் தாள் எங்க இருக்கு?" என்பது. அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் அதற்குப் பிறகுதான் கேட்டேன். உங்களிடம் மறைக்க எதுவும் இல்லை.

விசாரணை ஒன்று நடந்தது. தகவல் எப்போது பிரிவுக்கு வந்தது, ஏன் வெள்ளிக்கிழமையே மேலே அனுப்பப்படவில்லை என்று எழுதிக் கேட்டார்கள். மேலதிகாரி தொலைபேசியில் எனக்கு வழி காட்டினார். "படிவம் சரியாக நிரப்பப்பட்டிருந்ததா? ஒரு கட்டம் காலியாக இருந்தது என்று கேள்விப்பட்டேன்." அந்தக் கட்டம் நான் நிரப்ப வேண்டியது என்பது அவருக்கும் தெரியும். அப்போதுதான் அந்த வரியை எழுதினேன். விண்ணப்பம் முழுமையான வடிவில் கிடைக்கவில்லை.

ரெஜினாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. கடைசி நாள் மேசையைத் துடைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"வெள்ளிக்கெழம நா கேக்காம அனுப்பியிருந்தா என்ன சார் செஞ்சிருப்பீங்க?"

"விளக்கம் கேட்டிருப்பன்."

"அவ்வளவுதானே. பெரியம்மா ரெண்டு காலோட இருந்திருக்கும்." மேசை துடைத்த துணியை மடித்துக்கொண்டே, "நானே அனுப்பியிருக்கணும் சார். ஒங்கள நெனச்சு இல்ல, என்னைய நெனச்சுத்தான் எனக்கு ஆத்திரமா இருக்கு" என்றார்.

பொய் எழுதியவன் நான். குற்றத்தைச் சுமந்து படியிறங்கியவர் அவர். எனக்குப் பதவி கிடைத்தது. கொழும்பில் மூன்று ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தேன். பிறகு ஓய்வுபெற்றேன். பிரியாவிடையில் என்னை ஒழுங்கைக் கொண்டுவந்தவர் என்று பேசினார்கள்.

ஓய்வுக்கு அடுத்த ஆண்டு, செய்ததை ஏற்றுக்கொண்டு ஒரு கடிதம் எழுதினேன். ஒரு பிரதி நிறுவனத்துக்கு, ஒன்று ரெஜினாவுக்கு. அவர் ஹட்டனில் ஒரு தொடர்பாடல் நிலையத்தில் தட்டச்சும் நகலெடுப்பும் செய்துகொண்டிருந்தார். அந்த விசாரணை அறிக்கைக்குப் பிறகு எந்த மென்பொருள் நிறுவனமும் அவரை எடுக்கவில்லை. நானே கடிதத்தைக் கொண்டுபோனபோது கடைக்குள் இரண்டு பேர் அடையாள அட்டை நகல் எடுக்கக் காத்திருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு என் கடிதத்தை நின்றபடியே வாசித்தார்.

"'என் கவனக்குறைவால்'னு போட்டிருக்கீங்க."

"ஓம்."

"கவனக்குறைவா சார்? நீங்க ரொம்பக் கவனமாத்தானே செஞ்சீங்க."

அவர் கணினியின் முன் உட்கார்ந்து விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். "சொல்லுங்க. திருத்தி அடிச்சுத் தாறேன்."

கடிதத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். பதவிக்காக அவசரக் கட்டத்தில் குறி போடாமல் விட்டேன். நிச்சயம் என்று கண்டாக்குக்கு வாக்குக் கொடுத்தேன். ரயில் நிலையத்தில் தொலைபேசி இருந்தும் அழைக்கவில்லை. ரெஜினாவின் விண்ணப்பம் முழுமையாக இருந்தது. தன் பெயர் வந்த இடத்திலும் அவர் விரல் நிற்கவில்லை. அச்சிட்டு இரண்டு பிரதியையும் என்னிடமே கொடுத்தார்.

"ஒண்டு உமக்கு."

"இதக் கொண்டு போய் நா யாருகிட்ட சார் காட்டுறது? ரெண்டும் ஒங்ககிட்ட இருக்கட்டும். காட்டணும்னா பெரட்டுல போய்ச் சொல்லுங்க. அங்கதான் எல்லாரும் இருக்காங்க."

"நீரும் வருவீரோ?"

"நா எதுக்கு சார்? கடையைத் திறக்கணும்."

ஒரு பிரதியை நிறுவனத்துக்கு அனுப்பினேன். நிர்வாகம் கைமாறியிருந்தது. பழைய விசாரணைக் கோப்புகள் தங்களிடம் இல்லை என்றும், என் அக்கறைக்கு நன்றி என்றும் இரண்டு வரிப் பதில் வந்தது. அறிக்கையில் உள்ள அந்த வரி எங்கோ அப்படியேதான் இருக்கிறது.

பிறகு ஒரு காலை டயகமப் பக்கம் போனேன். தங்கராஜ் வேலையிலிருந்து விலகி கினிகத்தேனையில் இருந்தார். முன்பே அவரைப் பார்த்திருந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. "நா ஒரு வார்த்த அந்தப் பயகிட்ட வாயால சொல்லிட்டுப் போயிருக்கணும்" என்று தன்னையே திட்டிக்கொண்டார். இப்போது பெரட்டுக் களத்தில் எனக்குத் தெரியாத ஒரு கண்டாக்கு நின்றார். இரண்டு நிமிடம் பேச அனுமதி கேட்டேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

எண்பது பேர் இருப்பார்கள். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கும் கூடையுமாக நின்றார்கள். கடிதத்தை வாசிக்கவில்லை. மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன். என் குரல் எனக்கே மெல்லியதாகக் கேட்டது. முடித்தபோது ஒரு பிள்ளை இருமியது.

ராசாத்தி களத்தின் ஓரத்தில் ஊன்றுகோலுடன் நின்றார். பிள்ளைக் காப்பகத்தில் அவருக்கு வேலை கொடுத்திருந்தார்கள். கொழுந்துக்குப் போகும் தாய்மார் அவரிடம் குழந்தைகளை விட்டுக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் ஒன்றை வைத்துக்கொண்டே என்னருகே வந்தார்.

"ஐயா, ஒங்க ஆபீசுல அன்னைக்குப் போன் இருந்திச்சா?"

"இருந்தது."

"வேல செஞ்சிச்சா?"

"செய்தது."

அவர் தலையை ஆட்டினார். இடுப்பிலிருந்த குழந்தையைச் சற்று மேலே ஏற்றிக்கொண்டு, காப்பகத்துப் பாதையில் ஊன்றி ஊன்றி நடந்தார். இன்னும் ஏதாவது கேட்பார் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சொல்லிட்டீங்கதானே," என்றார் கண்டாக்கு. "கொஞ்சம் வெலகி நில்லுங்க சார். நேரமாகுது."

நான் விலகி நின்றேன். அவர் அச்சிட்ட தாளை விரித்துப் பெயர் கூப்பிடத் தொடங்கினார். எந்தப் பெயரிலும் பேனா பட்டிருக்கவில்லை.